ஆய்வாளர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது

1

பெருமையடித்துக்கொள்ளத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக எப்படியும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு பத்திரிகை சிறப்பிதழ் கொண்டுவருகிறது. தலைப்பு, 'எழுந்து நிற்கும் நாடுகள்'. நேற்றுவரை வரிசையின் கடைசியில் நின்றவர்கள் இன்று முன்னால் வந்துகொண்டிருக்கிறார்கள். உலகத்தில் யார் யாருக்கு வேலை கொடுப்பது, யார் யாரை அதட்டுவது என்பதெல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றிக் கட்டுரைகள் கைவசம் நிறைய இருக்கின்றன, ஒரு கதைதான் இல்லை என்றார் ஆசிரியர்.

"புள்ளிவிவரத்தையெல்லாம் கட்டுரைக்காரங்க பாத்துக்குவாங்க. நீங்க மனுஷங்கள வெச்சு எழுதுங்க. படிச்சா நெஞ்சு நிமிரணும்."

நெஞ்சு நிமிர வைக்க நான் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. என் அக்கா இருக்கிறாள்.

அக்கா ஷூ தயாரிக்கும் ஆலையில் வேலை பார்க்கிறாள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சேர்ந்தவள். ஆரம்பத்தில், தைத்து வந்த ஷூவில் நூல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் வேலை. பணக்கார நாடுகளிலிருந்து, ஷூ வாங்கும் கம்பெனிகளின் ஆட்கள் அப்போது அடிக்கடி வருவார்கள். ஒருமுறை அவர்களில் ஒருவன், தையல் கோணலாக இருந்த ஷூ ஒன்றை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வீசினான். அது அக்காவின் தோளில் பட்டு விழுந்தது. அக்கா குனிந்து எடுத்து, "சாரி சார்" என்றாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சம்பவம் இது. அப்பா இருந்தவரை அந்த ஆளை அவன் முகம்கூடத் தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அக்கா மேலே வந்தாள். எங்கள் நாடும் மேலே வந்தது. கூலி ஏறியது, கூலி ஏறியதும் முதலாளி, எங்களைவிட ஏழையான ஒரு நாட்டில் இடம் பார்த்துப் புது ஆலை கட்டினார். அதை நடத்த அக்காவை அனுப்பினார். வாங்குபவர்களின் ஆய்வுக் குழு அந்தப் புது ஆலைக்கு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்று கொடுத்துவிட்டுப் போன அன்று எடுத்த படம் எங்கள் ஹாலில் மாட்டியிருந்தது. நடுவில் அக்கா, இரண்டு பக்கமும் கோட்டுப் போட்ட வெளிநாட்டவர்கள், பின்னால் வரிசையாகத் தொழிலாளிப் பெண்கள். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட நிறுத்தி வைத்து அம்மா அந்தப் படத்தைக் காட்டுவாள்.

ஆகவே முதல் வரியை இப்படி எழுதினேன்:

*ஒருகாலத்தில் ஷூவால் அடிபட்ட பெண், இன்று அந்தப் புதிய தேசத்தின் விமான நிலையத்தில், தலை நிமிர்ந்து, தன்னுடைய*

[தன்னுடைய என்ன? அதற்கு மேல் ஓடவில்லை. படம் கையில் இருக்கிறது, சம்பவம் இல்லை. அக்காவிடம் போனேன்.]

2

அந்த நாட்டிலிருந்து மாற்றலாகி இப்போது எங்களோடு ஊரிலேயே இருக்கும் அக்கா, துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆய்வு நடந்த அன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுக்கா. கதைக்கு வேணும்."

"என்ன ஆச்சு, வந்தாங்க, பாத்தாங்க, போனாங்க."

"ஏதாவது சுவாரசியமா?"

தேய்ப்புப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். யோசித்தாள். மூன்றாவது லைனில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பெண் ஒருத்தி, எந்நேரமும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பவள். அக்கா அவளுக்குப் பாட்டுக்காரி என்று பட்டப்பெயர் வைத்திருந்தாள். ஆய்வுக்குச் சில நாள் முன்னால் பாட்டுக்காரியின் விரல் அழுத்தும் மெஷினில் மாட்டி நசுங்கிவிட்டது. பெரிய கட்டு. ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்தால் நூறு கேள்வி கேட்பார்கள் என்று, அவளைப் பசை டிரம் வைக்கும் கிடங்கில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். அவளும் சரியென்று போய் உட்கார்ந்துகொண்டாள். பசை நெடியில் கொஞ்சம் தலை சுற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சரியாகிவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று அக்கா தேய்ப்பதைத் தொடர்ந்தாள். தேய்த்த சட்டையையே மறுபடியும் தேய்த்தாள். [இதை அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போது சேர்க்கிறேன். கதை எழுதுகிறவர்கள் இந்த மாதிரி விஷயத்தில் கொஞ்சம் பித்தலாட்டக்காரர்கள்.]

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றே உட்கார்ந்து ஒரு காட்சி எழுதினேன். அதில் அக்கா கிடங்குக் கதவை உதைத்துத் திறக்கிறாள். மயங்கிக் கிடக்கும் பாட்டுக்காரியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வருகிறாள். கோட்டுப் போட்ட வெளிநாட்டவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். 'இவளும் என் தங்கைதான்' என்று அக்கா அவர்களைப் பார்த்துச் சொல்கிறாள். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அதை அக்காவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

3

பதில், வண்டி பஞ்சரான அன்றுதான் வந்தது. அக்காவை ஆலையில் விடப் போகும் வழியில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சாலையோரப் பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டுப்பசை சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார்.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப் பக்கம் போய் நின்றாள். நானும் போனேன்.

"அதே நெடிடா" என்றாள். பிறகு, "நான் தூக்கல" என்றாள்.

"என்ன?"

"நீ எழுதியிருக்கியே, நான் தூக்கிட்டு ஓடினேன்னு. நான் தூக்கல. டீச்சர்தான் தூக்கினா."

டீச்சர் என்பவள் அந்த ஆலையின் உள்ளூர் மேற்பார்வையாளர். அக்கா வயதுதான். ஆலை வருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். ஆலைச் சம்பளம் கூட என்பதால் வந்தவள். அக்காவுக்கு அவர்கள் மொழி தெரியாது, தொழிலாளிகளுக்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் டீச்சர். அக்கா சொல்வதெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் அந்தப் பெண்களுக்குப் போகும்.

"அப்புறம், அவ தானாப் போயி உட்காரல. நான்தான் அனுப்பச் சொன்னேன். ஆய்வு பண்றவங்க ஒவ்வொரு கதவா தள்ளித் தள்ளிப் பார்ப்பாங்க. திறந்திருந்தா உள்ள வந்துடுவாங்க. அதனால பூட்டச் சொன்னேன்."

"பூட்டிட்டீங்களா?"

"ரசாயனக் கிடங்கு, சாவி பொறுப்பாளர்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டா கேக்க மாட்டாங்க. சாவி என் கைப்பையில இருந்துச்சு. அப்புறம் அந்தப் பரபரப்புல..." கையை விரித்தாள். "மறந்தே போச்சு."

சாலையில் ஒரு லாரி போனது.

"அந்த மெஷின்ல பாதுகாப்புத் தகடு இருந்திருந்தா விரலே நசுங்கியிருக்காதே?" என்று கேட்டேன்.

"தகடு இருந்தா வேலை மெதுவாகும்னு கழட்டி வெச்சிருந்தோம். ஆய்வு அன்னிக்குக் காலையில மாட்டினோம்."

கடைக்காரர் கூப்பிட்டார். காற்று அடித்து முடித்திருந்தார்.

4

[கட்டுரை மாதிரி ஒரு பகுதி. வேண்டாமென்றால் தாண்டிப் போகலாம், கதை அடுத்த எண்ணில் இருக்கிறது.]

வீட்டுக்கு வந்ததும் என் மூளை சுறுசுறுப்பாகிவிட்டது. ஷூவால் அடிபட்டவள் ஒருநாள் கதவைப் பூட்டுகிறாள்! அடி வாங்கியவர்கள் அடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், நாடுகளும் அப்படித்தான். பணக்கார நாடு தன் அழுக்கு வேலையை எங்களிடம் தள்ளியது, நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்ததும் எங்களைவிடக் கீழே இருப்பவர்களிடம் தள்ளினோம். ஏணி ஒன்றுதான், அதில் ஏறி நிற்கும் ஆட்கள்தான் மாறுகிறார்கள். இதை வைத்து மளமளவென்று ஒரு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வாக்கியத்தைப் படித்து நானே என்னைத் தட்டிக்கொடுத்தேன்: *பூட்டியது அவள் கை, பூட்ட வைத்தது அந்த ஏணி.*

அதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அப்போ என் மேல தப்பு இல்லைங்கறியா?" என்றாள்.

"அப்படிச் சொல்லலக்கா. ஒரு பெரிய ஏற்பாட்டுல நீ ஒரு..."

"அவன் ஷூவை எறிஞ்சதுக்கும் நான் பூட்டினதுக்கும் முடிச்சுப் போடாத. அவன் எறிஞ்சது வலிச்சுது. வலிச்சதனால நான் யாரையும் பூட்டல. ஆய்வுல தேறணும், பேரு கிடைக்கணும்னு பூட்டினேன். எனக்காகப் பேசற மாதிரி எழுதாத. கூச்சமா இருக்கு."

போனை வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. கணினியில் தனிக் கோப்பாகப் போட்டு வைத்திருக்கிறேன், வேறு ஏதாவது கட்டுரைக்கு ஆகுமென்று.

5

அம்மாவுக்குக் கண்ணில் புரை. பரிசோதனைக்காகக் கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் கூட்டிப்போயிருந்தோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். நீளமான நாற்காலி வரிசையில் கண்ணை மூடிய பெரியவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களில் ஒருத்தி. அக்காவும் நானும் அவளுக்கு அடுத்த இரண்டு நாற்காலிகளில்.

"மறந்து போச்சுன்னு சொன்னேனே, அது பொய்" என்றாள் அக்கா.

எந்தப் பேச்சும் இல்லாமல் திடீரென்று சொன்னாள். நான் திரும்பினேன். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆய்வுக் குழுவோட அந்தக் கிடங்கு வழியா நடந்து போனோம்டா. உள்ள அவ பாடிட்டிருந்தா."

"எப்பவும் பாடுறவதானே."

"எப்பவும் முணுமுணுப்பா. அன்னிக்குச் சத்தமாப் பாடினா. கத்தக் கூடாதுன்னு டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தா. கதவைத் தட்டினா, கத்தினா வெளியாளுங்களுக்குத் தெரிஞ்சிடும், ஆலைக்குக் கெட்ட பேரு. அதனால பாடினா. நம்ம ஆளு யாராவது கேட்டுட்டு, என்னமோ சரியில்லைன்னு வந்து திறப்பாங்கன்னு."

"இது உனக்கு அப்பறமாத்தானே புரிஞ்சுது?"

கேட்கும்போதே, ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"அப்பவே புரிஞ்சுது" என்றாள் அக்கா.

குழுவின் தலைவர் நடையை நிறுத்திக் காது கொடுத்தாராம். யாரோ பாடுகிறார்களே என்றாராம்.

"நான் சிரிச்சேன்டா. 'எங்க ஆளுங்க சந்தோஷமா வேலை செய்யறாங்க சார்'னேன். அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நின்னு எழுதிக்கிட்டாரு."

அது அறிக்கையிலும் வந்தது. அந்த ஆலையில் தொழிலாளர்கள் பாடிக்கொண்டே வேலை செய்கிறார்கள் என்று. எங்கள் முதலாளி அந்த வரியை எடுத்து, ஆலையைப் பற்றி அச்சடித்த வழவழப்பான புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டார். எங்கள் வீட்டிலும் ஒரு பிரதி உண்டு. அந்த வரியை நான் நண்பர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

"அப்புறம்?"

"அப்புறம் மாடியில சாப்பாடு. அந்தத் தலைவர் நல்ல மனுஷன்டா. அவரோட நாடும் நமக்கு முன்னாடி இதே வேலையைச் செஞ்ச நாடுதான். அவர் சின்னப் பையனா இருக்கும்போது அவங்க அம்மா இந்த மாதிரி ஆலையிலதான் ஷூ ஒட்டினாங்களாம். வீட்டுக்கு வந்தா அம்மா மேல பசை நெடி அடிக்கும், அதுதான் எனக்கு அம்மா வாசனைன்னு சொல்லிட்டிருந்தாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நிஜமாவே கலங்கிடுச்சு. அப்போ டீச்சர் வாசல்ல வந்து நின்னா. என்னைப் பார்த்துக் கையைத் திருகிக் காட்டினா. சாவின்னு. நான்..."

அக்கா தன் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை எனக்குக் காட்டினாள். இரு, என்பதுபோல.

"அவர் அவங்க அம்மாவைப் பத்திப் பேசிட்டிருக்கும்போது நடுவுல எழுந்து போனா மரியாதையா இருக்காதுன்னு தோணுச்சு. அவர் முடிக்கட்டும்னு இருந்தேன். டீச்சர் அங்கயே நின்னா. அப்பவே கீழ பாட்டு நின்னு போயிருந்துதாம். அதைத்தான் சொல்ல வந்திருக்கா. அவர் முடிச்சாரு, எல்லாரும் படம் எடுத்துக்கலாம்னாங்க. இறங்கிப் போய்ப் படம் எடுத்துக்கிட்டோம். அதுக்கப்புறம்தான் சாவி குடுத்தேன்."

நாங்கள் ஹாலில் மாட்டியிருந்த படம் அது.

[இந்த இடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் இது நாணயமில்லாத கதையாகிவிடும். அக்காவின் குரல் உடைந்துகொண்டிருந்தது. நான் அந்த அம்மா வாசனை விஷயம் எவ்வளவு அருமையாக வந்து பொருந்துகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் இதைப் படித்தால் என்ன சொல்வார் என்றுகூட ஒரு நொடி ஓடியது. அக்காவின் கையைப் பிடித்தேன்தான். பிடித்த கையிலேயே அடுத்த பத்தி ஓடிக்கொண்டிருந்தது.]

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காளா?"

அம்மா கேட்டாள். கண்ணை மூடியிருந்தவளுக்குக் காது திறந்திருக்கும் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

"தெரியாதும்மா" என்றாள் அக்கா.

"அதைக்கூடக் கேக்கலையா?"

நர்ஸ் வந்து, இன்னொரு முறை சொட்டு மருந்து விட வேண்டும் என்று அம்மாவின் தலையைப் பின்னால் சாய்த்தாள். அம்மாவின் கன்னத்தில் வழிந்தது மருந்தா வேறா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கழற்றச் சொன்னாள். ஆணி சும்மா இருக்க வேண்டாமென்று அதில் காலண்டரை மாட்டினாள். அடுத்த தடவை சிலிண்டர் போட வந்தவர், "எங்கேம்மா உங்க பொண்ணு படம்?" என்று கேட்டபோது, சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறோம் என்றாள்.

6

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

ஒன்று: அக்கா வேலையை உதறிவிடுகிறாள். பாட்டுக்காரியோடு சேர்ந்து ஆலை வாசலில் உட்கார்ந்து நியாயம் கேட்கிறாள். [அக்காவிடம் சொன்னேன். "நான் உதறலையே" என்றாள். "ஆய்வுல தேறினதுக்குப் பதவி உயர்வு குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்."]

இரண்டு: பாட்டுக்காரி பிழைக்கவில்லை. [இதை எழுதி, அழித்துவிட்டேன். உயிரோடு இருக்கும் ஒருத்தியை என் கதைக்குக் கனம் கூட்டுவதற்காகக் கொல்லப் பார்த்திருக்கிறேன். அவள் பிழைத்துவிட்டாள். சில வாரம் தலைவலி இருந்தது, பிறகு வேலைக்குத் திரும்பினாள். பழையபடி முணுமுணுத்துக்கொண்டுதான் ஒட்டினாளாம். அது காதில் விழுந்தால் மூன்றாவது லைன் பக்கமே போகாமல் சுற்றிப் போவேன் என்றாள் அக்கா. அந்த ஆலையை விட்டு ஊருக்கே மாற்றல் கேட்டு வந்ததற்குக் காரணமும் அதுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கம்பெனியில் சொல்லியிருந்தாள்.]

மூன்றாவது, நடந்தது. இதை அக்கா கேட்காமலே சொன்னாள்.

பாட்டுக்காரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது அக்கா பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். டீச்சரையும் அழைத்துப் போனாள். வேறு வழியில்லை, பேச வேண்டுமென்றால் அவள் வேண்டும். பெரிய கூடம், நெருக்கி நெருக்கிப் போட்ட கட்டில்கள். பாட்டுக்காரி எழுந்து உட்காரப் பார்த்தாள். அக்கா வேண்டாமென்று கையமர்த்தினாள். அமர்த்திய கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லு" என்று டீச்சரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "நான்தான் பூட்டச் சொன்னேன். நீ பாடினது எனக்குக் கேட்டுது. கேட்டும் திறக்கல. என்னை மன்னிச்சுடு. இவ்வளவுதான், சொல்லு."

டீச்சர் பாட்டுக்காரியின் பக்கம் திரும்பிப் பேசினாள். அக்கா சொன்னது நாலு வாக்கியம். டீச்சர் வெகுநேரம் பேசினாள். நடுவில் ஒருமுறை அவள் குரல் கம்மியது. பாட்டுக்காரி அக்காவைப் பார்க்கவில்லை, டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஏதோ சொன்னாள். ரொம்பச் சின்னதாக. டீச்சர் பழப் பையை எடுத்துக் கட்டில் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"என்ன சொன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"பரவாயில்லைன்னு சொல்றா மேடம்" என்றாள் டீச்சர்.

இந்த டீச்சரை வைத்துத்தான் நான் தடுமாறுகிறேன். அவள் என்ன பேசினாள்? அக்கா சொன்னதை அப்படியே சொன்னாளா? அவள் வாய் வழியாகத்தானே 'கத்தாதே' என்பதும் போனது. தன் மன்னிப்பையும் சேர்த்துக் கேட்டாளா? அல்லது மேனேஜரம்மா ரொம்ப வருத்தப்படுகிறார், நல்லபடியாகப் பேசு, வேலை போய்விடும் என்றாளா? வாசலில் நின்று கையைத் திருகிக் காட்டியவள், ஏன் உள்ளே வந்து சத்தம் போடவில்லை? அவளை நல்லவளாக ஒரு தடவையும், அழுத்தக்காரியாக ஒரு தடவையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நம்பும்படி இருந்தன, அதுதான் சங்கடம்.

"அவளும் என்னை மாதிரிதான்டா" என்றாள் அக்கா. "வேலை போயிடுமோன்னு பயம். எனக்கு முதலாளிகிட்ட பயம், அவளுக்கு என்கிட்ட பயம்."

"பாட்டுக்காரி சொன்னது 'பரவாயில்லை'தானா?"

"அந்த மொழியில பரவாயில்லைங்கறதுக்கு என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியும். தினமும் ஆலையில கேட்டிருக்கேன்." அக்கா என்னைப் பார்த்தாள். "அவ சொன்னது அது இல்ல."

7

இனிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்.

புது ஆலை கட்டிய அந்த நாடும் மேலே வந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள ஒரு பெரிய நிறுவனம் எங்கள் முதலாளியின் பங்குகளில் பாதிக்கு மேல் வாங்கிவிட்டது. எங்கள் ஊர் ஆலையில் தையல் நின்றுபோய், மாதிரி ஷூ செய்து பார்க்கும் ஒரு பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்குத்தான் இப்போது அக்கா பொறுப்பு. இரண்டு ஆலைகளுக்கும் சேர்த்து உற்பத்தித் தலைவர் ஒருவர் இருக்கிறார். எதை எங்கே செய்வது, எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்பதெல்லாம் அவர் கையில். அது டீச்சர்.

[சத்தியமாக இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு கச்சிதமாக வைத்திருக்க மாட்டேன், ஆசிரியர் சிரிப்பார்.]

போன வாரம் அக்கா மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுக்க ஆலைக்குப் போனேன். அவள் அறையில் கணினித் திரையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கேமராவில் விழாத மூலையாகப் பார்த்து என்னை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள்.

டீச்சரை முதல்முறையாகப் பார்த்தேன். நரை விழுந்த தலை, காதில் கம்மல்கூட இல்லை, பின்னால் பெரிய ஜன்னல். மரியாதையாகப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. புது மாதிரியில் முன்பக்கத் தையல் சரியில்லை, திரும்பச் செய்து அனுப்புங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் "சரி மேடம்", "பாக்கறேன் மேடம்" என்றாள். ஒருகாலத்தில் அக்காவை மேடம் என்று அழைத்தவள் அவள். இதில் டீச்சருக்கு ஏதாவது திருப்தி தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது.

பேசி முடித்துவிட்டு டீச்சர் திரையையே பார்த்தாள். கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது.

"என்கிட்ட வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

எல்லாக் கூட்டத்திலும் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் அக்காவின் உதடு பிரிந்தது. மேசைக்கு அடியில் அவள் கை புடவைக் கொசுவத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தது. டீச்சர் காத்திருந்தாள். கூட்டம் முடிந்தால் உடனே துண்டிக்கிறவள் அன்று துண்டிக்காமல் இருந்தாள்.

"இல்ல மேடம்" என்றாள் அக்கா.

திரை அணைந்தது. அக்கா கையை நீட்டினாள். கண்ணாடியைக் கொடுத்தேன்.

"ஒவ்வொரு வாரமும் கேக்கறா" என்றாள், அதைத் துடைத்துக்கொண்டே. "ஒவ்வொரு வாரமும் நானும் இல்லைன்னுடறேன்."

"கேட்டுடேன்க்கா. என்ன சொல்லிடப்போறா?"

"அதான் பயம்" என்றாள்.

இந்தக் கதையை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். எந்த வரியையாவது அடிக்கச் சொன்னால் அடித்துவிடுகிறேன், நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்றும் சொன்னேன். என் மேசை முன்னாலேயே உட்கார்ந்து கடைசிவரை படித்தாள். எதையும் அடிக்கவில்லை. 'அப்பவே புரிஞ்சுது' என்ற இடத்துக்கு அடியில் மட்டும் பேனாவால் ஒரு கோடு போட்டாள். "இதை எடுத்துடாத" என்றாள்.

ஆசிரியருக்கும் அனுப்பினேன். பாட்டு வருகிற இடம் அவருக்கு நான் பயந்தபடியே பிடித்துப்போயிற்று. கடைசியில் மட்டும் பாட்டுக்காரி என்ன சொன்னாள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், வாசகர்கள் ஏமாந்துபோவார்கள் என்றார். சின்ன வரிதானே, நீங்களே கற்பனை பண்ணிடலாமே என்றார்.

பண்ணலாம். என்னிடம் ஏழெட்டு வரிகள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு மிக நன்றாகவே இருக்கின்றன. உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் பாட்டுக்காரி பாடியதற்கு ஏற்கெனவே ஒருமுறை, எங்கள் வீட்டிலிருந்து போன அக்கா, சந்தோஷம் என்று அர்த்தம் சொல்லியிருக்கிறாள். பாட்டுக்காரி பேசியதற்கு நான் அர்த்தம் சொல்ல மாட்டேன்.